பிடித்து வைத்த முப்பது கனெக்ஷன்கள்

1

மழை தொடங்கின வாரம், ஒரு காலையில் எங்கள் ஆபீஸிலிருந்து எனக்கு வாழ்த்து மெயில் வந்தது. 'இதே நாளில் எங்கள் குடும்பத்தில் ஒருவராக இணைந்தீர்கள், நன்றி' என்று வாசகம், கீழே ஒரு பூங்கொத்து. இருபது வருஷம் ஒரே கம்பெனியில் குப்பை கொட்டியதற்கு ஒரு பூங்கொத்துப் படம். அதையாவது அனுப்பினார்களே என்று வாசித்து முடிப்பதற்குள் இன்னொன்று வந்தது. அதே வாசகம், அதே பூ. மத்தியானச் சாப்பாட்டுக்குள் ஏழு வந்துவிட்டன. கம்பெனிக்கு என்மேல் இவ்வளவு பாசம் என்று இத்தனை நாளும் தெரியாமல் போயிற்று.

பாசமெல்லாம் இல்லை. சர்வர் நின்றுபோய், அதை நாங்கள் திரும்பத் திரும்ப நிறுத்தித் தொடங்கிக்கொண்டிருந்தோம். தொடங்கும்போதெல்லாம் அது முதல் வேலையாக எனக்கு வாழ்த்து அனுப்பியது. 'அனுப்பியாச்சு' என்று டேட்டாபேஸில் குறித்துவைக்கப் போகும்போது மறுபடி நின்றது. குறித்துவைக்காததால் அடுத்த தடவை எனக்கு மறுபடியும் பூ. என் வாழ்நாள் சேவையைப் பாராட்டினதும் அதுதான், அன்றைக்கு என் உயிரை எடுத்ததும் அதுதான்.

எங்கள் ஊர் சங்கரன்கோவிலில் இருக்கிறவர்கள் கேட்பீர்கள்: வெளிநாட்டுப் பிழைப்பைப் பற்றி இந்த மாதிரிக் குறிப்பெல்லாம் லண்டனிலும் கனடாவிலும் இருக்கிறவர்கள் எழுதுவது, மும்பையும் ஒரு வெளிநாடா என்று. பாஸ்போர்ட் வேண்டாம், அவ்வளவுதான் வித்தியாசம். மற்றபடி புரியாத பாஷை, நீள வரிசை, தமிழ் வாசிக்கத் தெரியாத பிள்ளை என்று எல்லா வசதியும் இங்கேயும் உண்டு.

2

ஊருக்கு வரும்போது 'என்ன வேலை பாக்கே?' என்று யாராவது கேட்டால் 'கம்ப்யூட்டர்' என்று சொல்லித் தப்பித்துவிடுவேன். உடனே அவர்கள் வீட்டு பிரிண்டரைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். இந்த ஒரு தடவை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் பிரிண்டரோடு வரக்கூடாது.

எங்களுடையது மெடிக்ளெய்ம் பார்க்கிற கம்பெனி. ஆபீஸ் ஐரோலியில். ஆஸ்பத்திரியில் உங்களைப் படுக்கவைத்ததும் அவர்கள் 'இவருக்குப் பணம் கட்டுவீர்களா' என்று எங்களைக் கேட்பார்கள். அந்தக் கேள்வியை வாங்கிப் பதில் அனுப்புகிற புரோகிராம் ஜாவாவில் எழுதினது. ஜாவா பேசுவது ஒரு பாஷை, டேட்டாபேஸுக்குத் தெரிந்தது வேறு பாஷை. நடுவில் நின்று பேசிக்கொடுக்கிற துபாஷிக்குப் பெயர் டிரைவர். டேட்டாபேஸுக்குள் போய்வர கனெக்ஷன் வேண்டும். ஒவ்வொரு தடவையும் புதிதாகத் திறந்தால் தாமதம் என்பதால் முப்பது கனெக்ஷனைத் திறந்தே வைத்திருப்போம். வேலை வந்தால் ஒன்றை எடுத்துக்கொள், முடிந்ததும் திருப்பி வை, அடுத்தவன் எடுத்துக்கொள்வான். இந்த எடுக்கிறதையும் வைக்கிறதையும் மேய்ப்பதுதான் என் உத்தியோகம்.

லோக்கல் டிரெயினில் லேடீஸ் டப்பாவிலும், அதாவது பெண்கள் பெட்டியிலும், இதே சட்டம்தான். ஏறினதும், உட்கார்ந்திருக்கிறவளிடம் 'கஹாங் உதர்னா?' என்று கேட்க வேண்டும். எங்கே இறங்குவாய் என்று அர்த்தம். அவள் மான்குர்து என்றால் மான்குர்திலிருந்து அந்த சீட் உங்களுடையது. பத்திரம் பதிந்த மாதிரி. நடுவில் எவளாவது உட்கார்ந்தால் டப்பாவே உங்களுக்காகச் சண்டை போடும்.

இந்தச் சட்டத்தை தினமும் மீறுகிறவள் ஒருத்தி உண்டு. முத்துலட்சுமி, எங்கள் டீமில் ஜாவா எழுதுகிறவள். தாராவிப் பெண். நான் செம்பூரில் ஏறுவேன், அவள் அதற்கு முன்னாலேயே ஜி.டி.பி. நகரில் ஏறிவிடுவாள். ஏறினதும் பக்கத்து சீட்டில் டிபன் பையைப் போட்டு எனக்கு இடம் பிடித்துவைப்பாள். யாராவது மராட்டிக்கார அம்மாள் பையை எடு என்று சத்தம் போட்டால், "ஆ ரஹீ ஹை, பைட்டேலி ஹை சமஜ் லோ" என்பாள். வந்துகிட்டே இருக்காங்க, உக்காந்துட்டதா நெனச்சுக்கோ என்று. நாலு ஸ்டேஷன் தூரத்துக்கு நான் அந்த சீட்டில் ஆவியாக உட்கார்ந்து வருவேன். செம்பூரில் உடம்போடு ஏறி உட்காரும்போது டப்பா முழுக்க என்னை முறைக்கும். முறைத்தால் என்ன, கால்வலி போகிறதே.

3

முத்துவின் அப்பா தாராவியில் ஒரு பை தைக்கிற பட்டறையில் இருக்கிறார். வள்ளியூர்ப் பக்கம். முத்து வீட்டில் பேசுவது அச்சு நெல்லைத் தமிழ், தெருவில் இந்தி, ஆபீஸில் மேலதிகாரிக்கு முன்னால் மட்டும் இங்கிலீஷ். கெட்டிக்காரி. ஆனால் காண்ட்ராக்ட். எங்கள் ஆபீஸில் காண்ட்ராக்ட் என்றால் எல்லோரும் செய்கிற வேலையைச் செய்யலாம், எல்லோரும் வாங்குகிற சலுகையை மட்டும் வாங்க முடியாது. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை நீட்டிப்பார்கள். நிரந்தரமாக்குவதைப் பற்றி அடுத்த தடவை பேசலாம் என்பார்கள்.

அவளுக்கு நிரந்தரம் வேண்டியிருந்தது சம்பளத்துக்காக இல்லை. அவள் அம்மாவுக்குப் பித்தப்பையில் கல். வலி வந்தால் சுருண்டு படுத்துவிடுவார்கள். ஆபரேஷன் செய்தே ஆக வேண்டும் என்று டாக்டர் சொல்லி நாளாகிவிட்டது. நிரந்தர ஆட்களுக்கு கம்பெனி இன்ஷூரன்ஸில் அப்பா அம்மாவைச் சேர்க்கலாம், காண்ட்ராக்ட் ஆட்களுக்கு முடியாது. ஊரிலிருக்கிற அத்தனை பேருடைய பித்தப்பைக்கும் அனுமதி அனுப்புகிற புரோகிராமை எழுதுகிறவளுடைய அம்மா, வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டு காத்திருந்தார்கள். இதைச் சொன்னால் எங்கள் ஆபீஸில் யாருக்கும் சிரிப்புக்கூட வராது, அவ்வளவு பழகிவிட்டது.

இந்தத் தடவை நிரந்தரமாக்குகிற லிஸ்டில் அவள் பெயர் இருந்தது. வெள்ளிக்கிழமை கூட்டத்தில் முடிவாகும் என்றார்கள். சர்வர் அதற்கு முன்னால் புதன்கிழமை நின்றது.

4

எது நின்றாலும் எங்கள் ஆபீஸில் முதலில் நடப்பது பழி போடுகிற சடங்கு. போன வாரம் டிரைவரைப் புது வெர்ஷனுக்கு மாற்றியிருந்தோம். ஆகவே டிரைவர்தான் குற்றவாளி என்று எல்லோரும் ஒருமனதாகத் தீர்மானித்தார்கள். பழைய டிரைவரைத் திரும்பப் போட்டோம். எனக்கு ஒரு பூங்கொத்து வந்தது. சர்வர் மறுபடி நின்றது.

அடுத்து, முப்பது கனெக்ஷன் போதவில்லை, முந்நூறாக்கு என்றார் எங்கள் மேனேஜர் வெங்கிட் சார். மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்த பாலக்காட்டுக் குடும்பம். நல்ல மனுஷர், யாராவது தன்னைக் கேள்வி கேட்கிற வரைக்கும்.

"கூட்டினா சரியாயிடும்மா. லோட் ஜாஸ்தி, அவ்வளவுதான்."

"சார், டேட்டாபேஸ் சும்மா உக்காந்திருக்கு. ஒரு வேலையும் நடக்கலை. லோடே இல்லை."

"சும்மா இருக்குமா என்ன? நன்னா பாரு."

நன்றாகத்தான் பார்த்தேன். முப்பது கனெக்ஷனும் வெளியே போயிருந்தன. ஆனால் ஒன்றிலும் ஒரு கேள்விகூடப் போகவில்லை. அத்தனை சீட்டிலும் பை மட்டும் உட்கார்ந்திருக்கிறது, ஆள் இல்லை. வெளியே நூற்றுக்கணக்கில் நிற்கிறார்கள். ஆஸ்பத்திரிகளிலிருந்து போன் மேல் போன். டிஸ்சார்ஜ் ஆகி, சட்டை மாற்றி, செருப்புப் போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருக்கிற ஜனங்கள் வீட்டுக்குப் போக முடியவில்லை.

யார் பிடித்துவைத்திருக்கிறார்கள் என்று பார்த்தேன். முப்பதும் ஒரே இடம். ஆஸ்பத்திரியிலிருந்து நோயாளியின் ரிப்போர்ட்டை வரவழைக்கிற பகுதி. முத்து எழுதினது.

அவளைக் கூப்பிட்டு ஸ்கிரீனைக் காட்டினேன். முதல் வரியிலேயே கனெக்ஷனை எடுத்துக்கொள்கிறாள். எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரி சர்வரிடம் ரிப்போர்ட் கேட்கிறாள். அது வந்த பிறகு டேட்டாபேஸில் எழுதி, கடைசி வரியில் கனெக்ஷனைத் திருப்பி வைக்கிறாள். மற்ற நாளில் ஆஸ்பத்திரி சட்டென்று பதில் சொல்லிவிடும், ஒன்றும் தெரியாது. அன்றைக்கு ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சர்வர் படுத்துவிட்டது. பதில் வரவில்லை. இவளும் பிடித்த பிடியை விடவில்லை.

"ஏன் முத்து, ரிப்போர்ட் வந்த பெறகு கனெக்ஷன் எடுத்தாப் போதாதா? வாரதுக்கு முன்னாலயே எதுக்கு எடுக்கே?"

அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள். நான்தான் தெரியாமல் கேட்கிறேன் என்கிற மாதிரி.

"இருக்கும்போதே புடிச்சு வச்சிரணும்லாக்கா. ரிப்போர்ட்டு வந்த பொறவு போயி கேட்டு, அப்போ கெடைக்கலன்னா?"

5

எனக்குக் கோபம் வரவேண்டிய இடம் அது. சிரிப்புத்தான் வந்தது.

தாராவியில் முத்து வீட்டுச் சந்தில் காலையில் கொஞ்ச நேரம்தான் தண்ணீர் வரும். குழாய் சத்தம் கேட்டதும் பல்கூடத் தேய்க்காமல் எழுந்திருந்து குடம், பக்கெட், டிரம், குக்கர், டிபன் டப்பா மூடி வரைக்கும் நிரப்பிவிடுவார்கள். இன்றைக்கு எவ்வளவு வேண்டும் என்று கணக்குப் பார்க்கிற பழக்கமே கிடையாது. வருகிறதா, பிடி. அப்படி வளர்ந்தவள் கையில் கம்பெனி முப்பது கனெக்ஷனைக் கொடுத்து, வேண்டும்போது மட்டும் எடு என்றால் எடுப்பாளா? இதை எந்தக் காலேஜிலும் சொல்லிக்கொடுக்கவில்லை என்பதால் எந்தக் காலேஜும் மறக்கடிக்கவும் இல்லை.

என் வீட்டில் மட்டும் என்ன வாழ்ந்தது. செம்பூரில் எங்கள் பில்டிங்கில் மொட்டைமாடியில் டேங்க் இருக்கிறது, எந்த நேரமும் தண்ணீர் வருகிறது. ஆனாலும் பாத்ரூமில் ரெண்டு பக்கெட், பால்கனியில் ஒரு நீல டிரம், சமையலறையில் எவர்சில்வர் பானை என்று நிரப்பிவைக்காமல் எனக்குத் தூக்கம் வராது. என் வீட்டுக்காரர் அம்பர்நாத் பேக்டரிக்கு விடிவதற்குள் கிளம்பிப் போகிறவர், அவர் போகும்போது டிரம்மைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் செருப்பு மாட்டுவார். எங்கள் மகள் யாழினிக்கு இதைப் பார்த்தாலே எரிச்சல்.

"மம்மி, டேங்க் மே பானி ஹை நா? யே பால்டி கா கியா டிராமா ஹை?"

டேங்கில் தண்ணீர் இருக்கும்போது பக்கெட் நாடகம் எதற்கு என்று கேட்கிறாள். தமிழில் கேளடி என்றால், "பக்கெட் ஏன் ஃபுல் பண்றீங்க" என்பாள். அதைவிட இந்தியே தேவலை. யாழினி என்று பெயர் வைத்ததற்கு இந்த அளவுக்காவது தமிழ் மிஞ்சியிருக்கிறது. இந்தக் குறிப்பை அவளுக்கு நான்தான் வாசித்துக் காட்ட வேண்டும். ஒரு காதில் இயர்போனை எடுத்துவிட்டு ரெண்டு பாரா கேட்பாள், பிறகு அந்தக் காதையும் திருப்பி வாங்கிக்கொள்வாள். அவளுக்குக் காலித் தவலை என்றால் பயம் என்பது தெரியாது. அதற்காகத்தான் இங்கே வந்து இத்தனை பாடும் பட்டோம் என்று புத்திக்குத் தெரிகிறது. மனசு என்னவோ கொஞ்சம் காந்துகிறது.

6

புரோகிராமைச் சரிசெய்வது பெரிய விஷயமில்லை. முதலில் ரிப்போர்ட், பிறகு கனெக்ஷன், எழுதின கையோடு திருப்பி வை. முத்து டீ ஆறுவதற்குள் மாற்றிவிட்டாள். அதை சர்வரில் ஏற்றுவதற்குத்தான் அனுமதி மேல் அனுமதி. நான் கேட்டு, டீம் லீட் ஒப்பி, வேறு டீமின் லீட் ஒப்ப வேண்டியிருந்து, அவர் லீவில் இருந்ததால் அவருக்குப் பதிலாள் ஒப்பி, பதிலாளுக்கு ஒப்புகிற அதிகாரம் உண்டு என்று இன்னொருவர் ஒப்பி. மூன்று வரியை இடம் மாற்றுவதற்கு ஐந்து பேர். நிறுத்தி வைப்பதற்கு மட்டும் யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

சர்வர் ஓடத் தொடங்கியது. செருப்புப் போட்டு உட்கார்ந்திருந்த ஜனங்கள் வீட்டுக்குப் போனார்கள்.

இனிமேல்தான் உண்மையான வேலை. மேலிடத்துக்கு அறிக்கை கொடுக்க வேண்டும்: என்ன நடந்தது, ஏன் நடந்தது, யார் பொறுப்பு. 'யார்' என்பதற்குத் தனிக் கட்டமே போட்டிருக்கிறார்கள், ஒருவேளை மறந்துவிடுவோமோ என்று. அறிக்கை போகவேண்டியது வியாழக்கிழமை. முத்துவின் கூட்டம் வெள்ளிக்கிழமை. அந்தக் கட்டத்தில் அவள் பெயர் ஏறினால் கூட்டத்தில் என்ன ஆகும் என்று எங்கள் ஆபீஸ் டீக்காரருக்குக்கூடத் தெரியும்.

மறுநாள் டிரெயினில் எனக்குப் பிடித்துவைத்த சீட்டில் உட்கார்ந்ததும் முத்துவே ஆரம்பித்தாள்.

"அக்கா, எம்பேர எழுதிருங்க. நாந்தான செஞ்சேன். உங்களுக்கு எதுக்கு வம்பு?"

"அம்மாவுக்கு?"

"இத்தன நாளு பொறுத்தாவ. இன்னும் ஆறு மாசம் பொறுக்கட்டும்." சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வாசிப் பாலம் வரைக்கும் திரும்பவே இல்லை.

"வாய மூடிக்கிட்டு வா" என்றேன்.

வெங்கிட் சார் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். அவர் கதவைச் சாத்தினாலே ஏதோ அநியாயம் நடக்கப்போகிறது என்று அர்த்தம்.

"பாரும்மா, மேல ஒரு பேர் கேக்கறா. பொண்ணு காண்ட்ராக்ட். இன்னிக்கில்லேன்னா நாளைக்குப் போகப்போறவ. அவ பேரைப் போட்டுட்டா யாருக்கும் நஷ்டமில்லே."

யாருக்கும் நஷ்டமில்லை. கேட்டதும் எனக்கு உச்சியில் ஏறிவிட்டது. இருபது வருஷத்தில் அந்த அறையில் நான் குரலை உயர்த்தினதில்லை, அன்றைக்கும் உயர்த்தவில்லை. உயர்த்தினால் அவருக்கு வசதியாகப் போய்விடும்.

"போட்டுருவோம் சார். ஆனா காரணம் ரெண்டு இருக்கே. ஒரு பேரு எப்படிப் போதும்?"

"ரெண்டா?"

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். கனெக்ஷன், டிரைவர், எதற்கு எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்பதெல்லாம் ஒரு செட்டிங் ஃபைலில் இருக்கும். அந்த ஃபைல் வெங்கிட் சார் பெற்ற பிள்ளை. புதிதாகச் சேருகிறவர்களுக்கெல்லாம் அதைப் பற்றி ஒரு பிரசங்கம் உண்டு. 'நான் போட்டது, இத்தனை வருஷமா ஒரு எழுத்து மாத்த வேண்டியிருந்ததில்லே' என்பார். அதில் காத்திருக்கும் நேரம் எல்லா இடத்திலும் பூஜ்யம். பூஜ்யம் என்றால் காத்திருக்காதே என்று நீங்கள் நினைப்பீர்கள். அவரும் அப்படித்தான் நினைத்திருக்கிறார். அங்கே பூஜ்யத்துக்கு அர்த்தம், சாகிற வரைக்கும் காத்திரு.

"பிடிச்சு வச்சது முத்து. பதில் வரலைன்னாலும் காலாகாலத்துக்கும் காத்துக் கிடன்னு பூஜ்யம் போட்டது இன்னொரு ஆள். நாலு நிமிஷம்னு போட்டிருந்தா தானா விட்டிருக்கும், ஆபீஸே நின்னிருக்காது. ரெண்டு பேரையும் அந்தக் கட்டத்துல எழுதிடறேன். சீனியாரிட்டிப்படி எழுதணுமா சார்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டினார். மறுபடி கழற்றினார்.

"உங்க வீட்டு கொலுவுக்கு வந்தப்ப பாத்தேன் சார், பாத்ரூம்ல பித்தளை அண்டா விளிம்பு வரைக்கும் நெறஞ்சிருந்துது. மாட்டுங்காவுல தண்ணிக் கஷ்டமா என்ன?"

"அது மாமி ரொப்பி வைக்கறது."

"முத்து வீட்டுல அவ ரொப்பி வைக்கறது."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பிறகு சொன்னார்: "பேரெல்லாம் எதுக்கும்மா. ப்ராசஸ் கேப்னு போட்டுடு."

ப்ராசஸ் கேப். முறையில் ஓட்டை. யாருடைய ஓட்டையும் இல்லை, முறையுடைய ஓட்டை. நம் நாட்டு ஆபீஸ்களில் இந்த ப்ராசஸ் கேப்பைப் போல் உழைக்கிற ஊழியர் கிடையாது. எத்தனை குற்றம் சுமத்தினாலும் வாய் திறக்க மாட்டார், காண்ட்ராக்டும் முடியாது. 'யார்' கட்டத்தில் அவரை எழுதிக் கொடுத்தேன். அன்றைக்கே பூஜ்யங்களையெல்லாம் மாற்றினேன். அதற்கு மட்டும் ஒரே ஆள் அனுமதி போதுமாக இருந்தது, வெங்கிட் சாரே கொடுத்துவிட்டார்.

7

வெள்ளிக்கிழமை முத்து நிரந்தரமானாள். அம்மாவின் இன்ஷூரன்ஸ் கார்டு வருவதற்குள் மழைக்காலமே முடிந்துவிட்டது, அது வேறு கதை.

ஆபரேஷன் செம்பூரிலேயே, எங்கள் வீட்டுக்குப் பக்கத்து ஆஸ்பத்திரியில். துணைக்கு நானும் போனேன். கவுண்டரில் இருந்த பெண் எங்கள் கார்டை வாங்கிக் கம்ப்யூட்டரில் தட்டிவிட்டு, பழகின அலுப்போடு சொன்னாள்: "மேடம், டைம் லகேகா. உன்கா சிஸ்டம் பஹுத் ஸ்லோ ஹை."

நேரமாகும், அவர்கள் சிஸ்டம் ரொம்ப மந்தம் என்கிறாள். அந்த 'அவர்கள்' ரெண்டு பேரும் அவளுக்கு முன்னால் கைகட்டி நின்றோம். முத்துவின் முகம் செத்துப்போயிற்று. மனசுக்குள் தன் புரோகிராமை வரி வரியாக ஓட்டிப் பார்க்கிறாள் என்று எனக்குத் தெரியும், நானும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். முதலில் ரிப்போர்ட். பிறகு கனெக்ஷன். எழுது. திருப்பி வை.

உட்காருவதற்கு நாற்காலி தேடுவதற்குள் அனுமதி வந்துவிட்டது. "அரே, ஆஜ் ஜல்தி ஆ கயா," இன்றைக்குச் சீக்கிரம் வந்துவிட்டதே என்று கவுண்டர் பெண் அவளாகவே ஆச்சரியப்பட்டுக்கொண்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஏழு பூங்கொத்துக்கும் கலங்காத கண்.

தியேட்டருக்குக் கொண்டுபோகும்போது பச்சைச் சட்டையில் படுத்திருந்த முத்துவின் அம்மா, தள்ளுவண்டியிலிருந்து தலையைத் தூக்கினார்கள்.

"ஏட்டி முத்து, அந்த மூலையில பில்டரு இருக்கு பாரு. தண்ணி வருது. நா வாரதுக்குள்ள ரெண்டு பாட்டில்லயும் புடிச்சு வச்சிரு."

"இங்க எப்பவும் வரும்மா. வேணுங்கும்போது புடிச்சுக்கிடலாம்," என்றாள் முத்து, என்னை ஒரு பார்வை பார்த்துக்கொண்டே. "நீ பயப்படாமப் போயிட்டு வா."

கதவு மூடிக்கொண்டது. மேலே சிவப்பு விளக்கு எரிந்தது. முத்து பெஞ்சில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் எழுந்து, ரெண்டு பாட்டிலையும் எடுத்துக்கொண்டு பில்டர் பக்கம் போனாள்.

நான் என் கைப்பையைத் திறந்து, அதிலிருந்த பாட்டிலையும் எடுத்துக்கொண்டு அவள் பின்னால் போய் நின்றேன்.